ரிஜெக்ட் அக்கா

எங்கள் கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ரிஜெக்ட் அக்கா என்றால் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் தெரியும். பனியன் கம்பெனியில் ரிஜெக்ட் என்பது நல்ல வார்த்தை இல்லை. தையல் பிரிந்த பீஸ், சாயம் திட்டுத்திட்டாக ஏறிய பீஸ், ஊசி ஓட்டை விழுந்த பீஸ் இவற்றைத்தான் அப்படிச் சொல்வோம். செக்கிங் டேபிளுக்குக் கீழே ஒரு கூடையில் கிடக்கும். அந்தப் பெயரை ஒரு மனுஷிக்கு முதலில் வைத்தது யாரென்று தெரியவில்லை. நானாகவும் இருக்கலாம்.

அவர் செய்த வேலையைச் சொன்னால் பெயர்க் காரணம் புரிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வரும். சாயப்பட்டறையிலிருந்து, இன்ன கலரில் இவ்வளவு துணி அனுப்பியிருக்கிறோம் என்று வரும். பிரிண்டிங்கிலிருந்து வரும், டெஸ்ட் எடுக்கும் லேபிலிருந்து வரும், லாரி ஆபீஸிலிருந்து வரும். எல்லாமே கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் போகும் மெசேஜ்கள். ஒவ்வொரு மெசேஜிலும் எந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று ஓர் அமைப்பு உண்டு. அவற்றை வாங்கிப் பார்த்து உள்ளே விடுகிற புரோகிராமை எழுதியவர் அவர். அது அவரைப் போலவே இருந்தது. ஒரு எழுத்து குறைந்தாலும் விடாது, ஒரு எழுத்து கூடினாலும் விடாது. 'திருத்தி அனுப்பவும்' என்ற ஒற்றை வரியோடு வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும்.

நான் அங்கே மெர்ச்சண்டைசர். ஆர்டர் வந்த நாளிலிருந்து சரக்கு கப்பலேறும் நாள் வரைக்கும் எல்லார் பின்னாலும் ஓடுகிற வேலை. ஓடுகிறவனுக்கு, நிறுத்திவைக்கிறவர்களைப் பிடிக்காது. எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு, வெளிர் நிறத்தில் காட்டன் சேலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னதாக ஒரு சிலுவை. நாம் பேசும்போது நம் வாயையே பார்ப்பார். பேசி முடித்த பிறகும், மிச்சம் எங்கே என்பதுபோலப் பார்த்துக்கொண்டேயிருப்பார்.

"அக்கா, அதை அனுப்பிச்சுட்டாங்களாங்க?" என்று கேட்டால் பதில் வராது.

"எதை தம்பி? யாரு? யாருக்கு?"

மூன்றையும் சொன்னால்தான் நான்காவதாகப் பதில் வரும். வாட்ஸ்அப்பில் 'ஓகே' என்று போட்டால், 'எதுக்கு ஓகே?' என்று திரும்பி வரும். டீக்கடைக்காரர் "வழக்கம்போலதானுங்களே?" என்று கேட்டால்கூட, "சர்க்கரை இல்லாம, அரை கிளாஸ்" என்று தினமும் புதிதாகச் சொல்லுவார். நான்கு வருடமாக அதே டீ.

எங்கள் கட்டிங் மாஸ்டர் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். பத்திரிகையை டேபிள் டேபிளாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். எல்லாரும் வாங்கினோம், பிரித்துப் பார்த்தோம், சந்தோஷம் என்றோம். இவர் வாங்கினார், காலண்டரைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, தேதி ஒண்ணு போட்டிருக்கு, கிழமை ஒண்ணு போட்டிருக்கு. அந்தத் தேதி வியாழக்கிழமைல்லா? இதுல வெள்ளின்னு இருக்கு."

மாஸ்டர் முகம் சுருங்கிவிட்டது. "அதெல்லாம் சனங்க புரிஞ்சுக்குவாங்க அம்மிணி."

"பாதிப்பேரு தேதியைப் புரிஞ்சுக்குவாவ, பாதிப்பேரு கிழமையைப் புரிஞ்சுக்குவாவ."

அதோடு விடவில்லை. பத்திரிகையில் இருந்த மண்டபத்து நம்பருக்கு அங்கேயே போன் போட்டு எந்த நாளுக்கு எடுத்திருக்கிறது என்று கேட்டார். வெள்ளிக்கிழமைதான். தேதிதான் தப்பு. மாஸ்டர் மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. நல்ல காரியத்தில் வந்து குத்தம் சொல்லிவிட்டாள் என்று அவர் வீட்டம்மா எங்கள் வீட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை காலையில் மண்டபத்துக்கு முதலில் வந்த ஆள் இவர்தான். மணமக்களை வாழ்த்திவிட்டு, இலையில் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. சாயப்பட்டறை விஷயம் வந்தபோது சிரிப்பு நின்றது.

எங்களுக்குத் துணிக்குச் சாயம் போட்டுக் கொடுத்தது மேனேஜருடைய மச்சானின் பட்டறை. அங்கிருந்து வரும் மெசேஜ் ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை. கலர் நம்பருக்கு நடுவில் ஓர் இடம் விட்டிருப்பார்கள். எடையைப் போட்டுவிட்டுக் கிலோவா டன்னா என்று போட மாட்டார்கள். நாளையும் மாதத்தையும் மாற்றிப் போடுவார்கள். அக்காவின் புரோகிராம் ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பும். துணி வந்து வண்டியோடு கேட்டில் நிற்கும். மெசேஜ் உள்ளே வராததால் துணி உள்ளே வராது. தையல் லைனில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருநாள் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கண்ணு, அந்தம்மா என்ற மச்சான் பட்டறையை மட்டும் குறி வெச்சு அடிக்குதுன்னு உனக்குத் தோணலியா?"

"எல்லாத்தையும்தானுங்களே திருப்பி அனுப்பறாங்க."

"அப்பிடித்தான் காட்டிக்குவாங்க. வேற பட்டறைக்காரன் எவனாச்சும் கைக்குள்ள போட்டிருப்பான். மத்தியானமானா ஜெனரேட்டர் ரூம் பக்கம் போய் யாருகிட்டயோ போன் பேசுது. நான் பாத்தேன். நீ பக்கத்துலதான் உக்காந்திருக்கே. கொஞ்சம் பாத்துக்க."

அதுவரை அவர் போன் பேசுவதை நான் கவனித்ததே இல்லை. அன்றைக்குப் பிறகு அதை மட்டும்தான் கவனித்தேன். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் போவார். அங்கே பத்துப் பன்னிரண்டு போன் பேசுவார். பேசிக்கொண்டே பென்சிலால் எதையோ அடிப்பார், எதையோ எழுதுவார். சாயந்திரம் அந்தக் காகிதக் கட்டு அவர் பையில் வீட்டுக்குப் போகும். மறுநாள் வேறு கட்டு.

கம்பெனி காகிதம் வெளியே போகிறது. நான் மேனேஜரிடம் சொன்னேன். "நான் சொன்னனில்ல?" என்றார். அவர் முகத்தில் வந்த திருப்தி எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

நேரடியாகப் பார்த்துவிடுவது என்று ஒரு சாயந்திரம், என் பைக்கைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு, தாராபுரம் ரோட்டுப் பக்கம் போகும் கம்பெனி வேனில் ஏறினேன். அவர் கடைசி சீட்டில் அந்தக் காகிதங்களைப் படித்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மறைப்பார் என்று நினைத்தேன். மறைக்கவில்லை. நான் பார்க்க வசதியாகச் சற்று என் பக்கம் சாய்த்துக்கூட வைத்தார்.

அன்றைக்குப் புரோகிராம் திருப்பி அனுப்பிய மெசேஜ்கள். ஒன்று விடாமல் எல்லாம்.

"இதை எதுக்குங்க்கா படிக்கிறீங்க? வேண்டாம்னுதானே திருப்பி அனுப்பிச்சீங்க?"

"திருப்பி அனுப்பினது மிஷினு. நான் இன்னும் பாக்கலைல்லா."

ஒவ்வொன்றையும் அனுப்பியவருக்கு மறுநாள் போன் செய்து, எந்த இடத்தில் என்ன தப்பு, எப்படித் திருத்த வேண்டும் என்று சொல்லுவாராம். மத்தியானப் போன்கள் அவைதான். பட்டறையில் மெசேஜ் போடுகிறவரிடம் நூறு தடவை சொல்லியாகிவிட்டது, கேட்பதில்லை என்றார்.

"இது உங்க வேலை இல்லையேங்க்கா?"

வேன் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. அவர் காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இங்க வாறதுக்கு முந்தி ஒரு மில்லுல இருந்தேன். ஹாஸ்டல்ல தங்கி வேலை பாக்குத பிள்ளைங்க. செல்போனையெல்லாம் வாங்கி வச்சிருவாவ. வீட்டுல இருந்து லீவு கேக்கணும்னா மெசேஜ்தான் அனுப்பணும். பிள்ளையோட ஹாஸ்டல் நம்பரைப் போட்டு அனுப்புனாத்தான் வாங்கும். நான் எழுதுன புரோகிராம்தான். ஒரு அம்மா நம்பர் போடாம பேரு மட்டும் போட்டு அனுப்பிட்டாவ. 'அப்பா இறந்துட்டார், உடனே அனுப்புங்க'ன்னு. மிஷின் திருப்பி அனுப்பிருச்சு, இங்கிலீஷ்ல. அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பிள்ளை மூணாம் நாள்தான் ஊருக்குப் போச்சு. எல்லாம் முடிஞ்சிருச்சு."

எனக்கு ஒரு கேள்வி வந்தது. "அன்னைக்கு அந்த மெசேஜை வாங்கியிருந்தா அந்தப் புள்ள மூஞ்சியாச்சும் பாத்திருக்குமுல்லீங்க்கா? அதுக்கப்பறமும் ஏன் இப்பிடித் திருப்பித் திருப்பி அனுப்பறீங்க?"

"அதே பேருல அந்த ஹாஸ்டல்ல மூணு பிள்ளைங்க தம்பி. மிஷினு தானா ஒரு பிள்ளையை எடுத்து, 'உங்கப்பா செத்துட்டாரு'ன்னு சொல்லியிருந்தா?"

நான் அவர் மடியிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன்.

"திருப்பி அனுப்புனது தப்பில்ல. திருப்பி அனுப்புனதை ஒரு மனுஷன் எடுத்துப் பாக்கலைல்லா, அதான் தப்பு. அந்த மனுஷன் நான்தான். அதான் இப்ப பாக்குதேன்."

நான் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன். அந்தப் பேச்சு மனசைப் பிசைந்தது உண்மை. ஆனால் அன்றைக்கு என் புத்தி எப்படி இருந்தது என்றால், இவ்வளவு கோவையாக ஒரு கதை சொல்கிறார்களே, முன்கூட்டியே தயார் பண்ணி வைத்திருப்பார்களோ என்று யோசித்தது. சந்தேகம் என்று ஒன்று உள்ளே வந்துவிட்டால் எதிராளி அழுதாலும் அதற்குத் தீனி, சிரித்தாலும் தீனி. மேனேஜரிடம் அந்தக் கதையையும் சொன்னேன். "இதெல்லாம் நம்பற மாதிரியா கண்ணு இருக்குது?" என்றார்.

அடுத்த வாரம் முதலாளி அறையில் ஒரு மீட்டிங். கோயம்புத்தூரிலிருந்து சாஃப்ட்வேர்காரர் ஒருவரை மேனேஜர் வரவழைத்திருந்தார். அவர் சுறுசுறுப்பாகப் பேசினார்.

"வர்றதைத் தாராளமா வாங்கிக்கணுங்க சார். நாம அனுப்பறதை மட்டும் கறாரா அனுப்பணும். அதுதான் உலகம் பூரா நடைமுறை. இடம் விட்டிருந்தா சேத்துக்கற மாதிரி எழுதிடலாம். நாள், மாசம் மாறியிருந்தா மாத்திக்கும். ஒரு எழுத்து போட வேண்டிய எடத்துல முழு வார்த்தை போட்டிருந்தா முதல் எழுத்தை எடுத்துக்கும்."

"புரியாட்டி?" என்றார் அக்கா.

"புரிஞ்ச வரைக்கும் எடுத்துக்குமுங்க."

"ஊகிக்கும்னு சொல்லுங்க."

முதலாளி நடுவில் வந்தார். நிதானமானவர், யாரையும் அதட்டிப் பேச மாட்டார். "அம்மிணி, நீங்க சொல்றது புரியாம இல்லீங்க. ஆனா துணி வந்து கேட்டுல நிக்குது, உள்ள லைன் நிக்குது. ஒரு புள்ளி, ஒரு கமாவுக்காக இத்தன பேரு நின்னா எப்பிடீங்க?"

"இன்னைக்கு வாங்கிட்டா நாளைக்கு இதைவிட மோசமா அனுப்புவாவ சார். கொஞ்ச நாள்ல தப்புதான் வழக்கம்னு ஆயிரும். பொறவு சரியா அனுப்புதவனைத்தான் நாம திருப்பி அனுப்புவோம்."

சாஃப்ட்வேர்காரர் சிரித்தார். மேனேஜரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

புரோகிராம் மாற்றப்பட்டது. அக்காவுக்கு அதில் கை வைக்கும் அனுமதி போயிற்று. தையல் ஹால் ஆட்களின் வருகைப்பதிவைப் பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. வருகைப்பதிவில் 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்று எழுதி வந்தால், எந்த ஊருக்கு, எப்போது வருவார் என்று கேட்டு அனுப்ப ஆரம்பித்தார்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம் இரண்டு மாதம் எனக்குப் பொற்காலம். கேட்டில் வண்டி நிற்கவில்லை. துணி வந்தது, தைத்தது, போயிற்று. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனேன். இந்த ஒரு பொம்பளை நம்மை எவ்வளவு காலம் நிறுத்திவைத்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் எங்களிடம் கைக்குழந்தைச் சட்டை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தலைவழியாக மாட்ட முடியாத குழந்தைகளுக்குத் தோளில் பிரஸ் பட்டன் வைத்த சட்டை. அந்தப் பட்டனை ஒரு மிஷினில் மாட்டி இழுத்துப் பார்த்து லேப் சான்று தர வேண்டும். இழுத்தால் வரக்கூடாது. வந்தால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும், தொண்டையில் சிக்கும். லேபிலிருந்து வரும் மெசேஜில் அதற்கு ஒரே ஓர் எழுத்துக்குத்தான் இடம். பாஸ் என்றால் பி, ஃபெயில் என்றால் எஃப். எங்கள் ஸ்கிரீனில் பி என்று காட்டியது. கண்டெய்னரில் சரக்கை ஏற்றி, சீல் வைத்து, மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டது.

சாப்பாட்டு நேரம் முடிகிற சமயத்தில் அக்கா என் டேபிளுக்கு வந்தார். வேகமாக நடந்து வந்திருந்தார் என்பது மூச்சில் தெரிந்தது.

"தம்பி, குழந்தைச் சட்டைக்கு லேப்ல என்ன சொன்னாவ?"

"பாஸுங்க்கா."

"லேப் சொல்லிச்சா, சிஸ்டம் சொல்லிச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதானேங்க்கா."

கையிலிருந்த காகிதத்தை என் முன்னால் வைத்தார். லேப் அனுப்பிய மெசேஜ், அனுப்பியபடியே. பியோ எஃப்போ இருக்க வேண்டிய இடத்தில் பெண்டிங் என்று முழு வார்த்தை இருந்தது. டெஸ்ட் இன்னும் முடியவில்லை. ஆங்கிலத்தில் அதற்கும் முதல் எழுத்து பி. புதுப் புரோகிராம் முதல் எழுத்தை எடுத்துக்கொண்டு பாஸ் என்று போட்டுவிட்டது.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தேகம்தான். இந்தக் காகிதம் இவரிடம் எப்படி வந்தது? அனுமதிதான் போய்விட்டதே? கேட்டேன். வருகிற மெசேஜ்களின் நகல் இன்னும் தன் பழைய கம்ப்யூட்டரில் சேர்ந்துகொண்டிருக்கிறது, சாப்பாட்டு நேரத்தில் படிக்கிறேன் என்றார். யாரிடமும் கேட்கவில்லை, யாரும் வேண்டாமென்று சொல்லவும் இல்லை.

லேபுக்குப் போன் செய்தேன். ஆமாங்க, இழுக்கிற மிஷின் ரிப்பேர், நாளைக்குத்தான் ரிசல்ட் என்றார்கள். மேனேஜருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. முதலாளி வெளியூரில் இருந்தார், அவர் போனும் கிடைக்கவில்லை. வண்டியை நிறுத்தினால் கப்பல் போய்விடும். நாளைக்குப் பட்டன் எல்லாம் கெட்டி என்று ரிசல்ட் வந்தால் என் வேலையும் கப்பலோடு போய்விடும். ஆனாலும் டிரைவருக்கு அடித்தேன்.

"அண்ணா, வண்டியை நிறுத்துங்க."

"யாருங்க பேசுறது?"

"கம்பெனில இருந்துங்க. உடனே நிறுத்துங்க, திரும்பி வரணும்."

"எந்தக் கம்பெனி? கண்டெய்னர் நம்பர் என்ன, சீல் நம்பர் என்ன, சொல்லுங்க. வழியில எவனாச்சும் போன் பண்ணி நிறுத்தச் சொன்னா இந்த ரெண்டும் கேக்காம நிறுத்தக் கூடாதுன்னு அந்தக்கா கண்டிச்சுச் சொல்லியிருக்காங்க."

நான் காகிதத்தைத் தேடுவதற்குள் போனை வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா என் போனை ஒதுக்கிவிட்டுத் தன் போனை எடுத்தார். இரண்டாவது மணியில் டிரைவர் எடுத்தார். அக்கா தன் பெயரைச் சொன்னார். கம்பெனி பெயரைச் சொன்னார். என் டேபிளில் கிடந்த காகிதத்தைப் பார்த்துக் கண்டெய்னர் நம்பரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், சீல் நம்பரைச் சொன்னார்.

"பட்டன் டெஸ்ட் முடியாம சரக்கு வந்திருச்சு. இப்ப எங்க இருக்கீங்க? அவிநாசிபாளையம் தாண்டியாச்சா? சரி. தாராபுரத்துக்குள்ள போகாதீங்க. ரோட்டைவிட்டு இறங்கி ஓரமா நிறுத்துங்க. வண்டியைத் திருப்பிக் கம்பெனிக்குக் கொண்டு வரணும். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க, பாப்போம்."

அந்தப் பக்கம் டிரைவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்வது எனக்குக் கேட்டது.

மறுநாள் மிஷின் சரியானதும் டெஸ்ட் எடுத்தார்கள். பெரிய சைஸ்களில் ஒன்றுமில்லை. ஆகச் சின்ன சைஸில், பிறந்த குழந்தைகளுக்கான சட்டையில், பட்டன் கழன்று கழன்று வந்தது. எங்கள் செக்கிங் ஆட்கள் மிஷினே இல்லாமல் கையால் இழுத்தார்கள். ஒன்று என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது.

இதோடு முடிந்திருந்தால் அக்காவுக்கு மாலை போட்டிருப்போம். மேனேஜர் வேறு கணக்குப் போட்டார். அந்தப் புரோகிராமைக் கொண்டுவந்தவர் அவர். வருகிற பழி அவர் மேல்தான் விழும்.

"இத்தன மெசேஜுல கரெக்டா அது மட்டும் எப்பிடி கண்ணு அந்தம்மா கண்ணுல பட்டுது? லேபுக்கு எப்பப் பாத்தாலும் போன் பண்ணிட்டு இருந்துது. புதுப் புரோகிராம் மோசம்னு காட்டறதுக்கு இதுவே சொல்லிக் குடுத்து அப்பிடி அனுப்ப வெச்சிருக்கும். நீ லேபுக்குப் போய் விசாரிச்சுட்டு வா."

போனேன். மெசேஜ் அனுப்பிய பெண் தாராபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார்.

"ஆமாங்க, அந்தக்காதானுங்க அப்பிடிப் போடச் சொன்னாங்க. அது ஆச்சுங்க, ஆறேழு மாசத்துக்கு முன்னாடி. டெஸ்ட் முடியலைன்னாலும் மேல இருந்து ஏதாவது போடு போடுன்னு எங்களை அவசரப்படுத்துவாங்க. 'பயந்துக்கிட்டு பாஸ்னு போட்டுராதீங்க, முடியலைன்னா முடியலைன்னே எழுதி அனுப்புங்க, என் மிஷின் அதைத் திருப்பி அனுப்பிரும், அப்ப என் கண்ணுல பட்டுரும், நான் பாத்துக்கிடுதேன்'னு சொன்னாங்க. மிஷினை மாத்துனது எங்களுக்கு யாருங்க சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியது நான்தான்.

திரும்பி வந்தேன். மேனேஜர் படியிலேயே நின்றிருந்தார்.

"என்ன சொன்னாங்க? யாரு சொல்லி அப்பிடி அனுப்பிச்சாங்களாம்?"

"அக்கா சொல்லித்தானுங்க. ஆனா..."

"போதும் கண்ணு," என்றார். போனை எடுத்து முதலாளிக்கு அடித்தபடியே உள்ளே போய்விட்டார்.

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் எல்லாம் இருந்தது. ஆறேழு மாசம் முன்பு சொன்னது, எதற்காகச் சொன்னது, மிஷின் மாறியது லேபுக்குத் தெரியாதது. நான் பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அனுமதி இல்லாமல் வண்டியை நிறுத்தச் சொன்னவன் நானும்தான், பழி வேறு பக்கம் போவது எனக்கும் சௌகரியமாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. இத்தனை மாதம் சந்தேகப்பட்டது வீண் போகவில்லை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அதைச் சொல்லத்தான் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அன்று சாயந்திரமே அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். கேட்டில் அவர் பையைச் சோதித்தார்கள். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். டிபன் பாக்ஸ், குடை, மாத்திரை அட்டை, ஒரு கட்டுக் காகிதம். காகிதத்தை வாட்ச்மேன் எடுத்துக்கொண்டார். அக்கா நகரவில்லை. நோட்டை எடுக்கச் சொல்லி, என்ன காகிதம், எத்தனை பக்கம், யார் எடுத்தது என்று எழுதவைத்து, அதில் தன் கையெழுத்தையும் போட்டுவிட்டுத்தான் வேனில் ஏறினார்.

பத்து நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. பதினோராம் நாள் மேனேஜர் லீவில் இருந்தபோது முதலாளி அறைக்குப் போய், லேப் பெண் சொன்னதை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். நான் வேவு பார்த்ததையும் சொன்னேன்.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்னப்பா?" என்றார்.

பழைய புரோகிராமைத் திரும்பப் போடச் சொன்னார். மச்சான் பட்டறையிலிருந்து வரும் மெசேஜ்கள் ஒரு வாரத்தில் ஒழுங்காக வர ஆரம்பித்தன. அவர்களுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அப்புறம் முதலாளி, "போய் அம்மிணியைக் கூட்டிட்டு வா. நான் சொன்னேன்னு சொல்லு," என்று என்னை அனுப்பினார்.

அக்கா வீட்டு வாசலில் ஒரு மினி வண்டி நின்றது. உள்ளே சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டுகள் டாக்டர்களுக்குப் போகும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முதலாளி சொன்னதைச் சொன்னேன். "சாருக்கு நன்றி சொல்லுங்க. அங்க வாறேன்னு சொல்லிட்டேன். மாத்த முடியாது," என்றார்.

போகலாம் என்று திரும்பினேன். வாசலிலேயே நின்று கேட்டேன்.

"அக்கா, நான் உங்களை வேவு பாத்தது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும். பைக் இருக்கும்போது ஒரு ஆளு வேன்ல எதுக்கு வருவாரு?"

"அப்பறம் ஏனுங்க்கா அந்த ஹாஸ்டல் கதையெல்லாம் எங்கிட்டச் சொன்னீங்க? ஏன் ஒரு வார்த்தைகூட என்னைக் கேக்கல?"

அட்டைப்பெட்டியைச் சுற்றிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். நிமிராமலே பேசினார்.

"சந்தேகம் இருந்துச்சு தம்பி. ஆனா அது பாதிதான. பாதியை வச்சு ஒரு மனுஷனைப் பத்தி எப்படி முடிவு பண்ணுதது? மீதியை நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

மீதியைச் சொன்னேன். படியில் நின்று மேனேஜரிடம் சொன்னதை, சொல்லாமல் விட்டதை, ஏன் விட்டேன் என்பதை. அவர் நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் முடித்ததும், "சரி" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

"இந்தப் பெட்டியை அந்தப் பக்கம் பிடிங்க," என்றார். "அடியில கண்ணாடிச் சாமான் இருக்கு. சாய்க்காம, மெதுவா, வண்டி வரைக்கும்."

பிடித்தேன்.